தொடாமல் வளர்த்த குட்டி

நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீனின் செவுளைப் பார்த்து அது எப்போது வலையில் பட்டது என்று சொல்லுவேன். நாலு காலில் நடக்கிற எதைக் கண்டாலும் தள்ளித்தான் நிற்பேன். அப்படிப்பட்ட என்னை ஆண்டவர் கொண்டுபோய் அல்பாக்கா வளர்க்கிற ஒரு பண்ணையில் குடிவைத்தார். அவருடைய எண்ணம் என்னவென்று அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுவிசில், பாடன் பட்டணத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பட்டணத்துக்குள் எங்களுக்கு ஒருவரும் வீடு தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்குப் பக்கத்து மர வாங்கில் இருக்கிற ஒரு சுவிஸ் அம்மாவிடம், வாயில் வந்த ஜெர்மனில் இதைச் சொன்னேன். மேட்டுக் கிராமத்தில் தங்கள் பண்ணையில் வேலையாள் வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். குசினி, ஒரு அறை, பின்னால் இன்னொரு சின்ன அறை, வாசலில் நாலைந்து கற்படி. எங்களுக்கு அது மாளிகை. அந்த அம்மாவை நாங்கள் எங்களுக்குள் பண்ணையம்மா என்று சொல்லிக்கொள்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

என் மனைவி அந்த வருஷம் வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தாள். மன்னார்ப் பக்கம், ஆட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பம். இங்கே அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, பாஷை இல்லை, பக்கத்தில் தமிழ்ச்சனம் இல்லை. நான் காலையில் போய் மத்தியானச் சமையல் முடிந்ததும் இடைவேளைக்கு வருவேன். திரும்பிப் போனால் இரவுதான். நான் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே அவள் கதைக்கத் தொடங்கிவிடுவாள். பகல் முழுக்கப் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் பேசித் தீர்ப்பாள். நான் அரைத் தூக்கத்தில் ஓம், ஓம் என்பேன்.

"நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லுங்கோ பாப்பம்."

"ஏதோ சொன்னீர்."

"சுவருக்குச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும்."

பண்ணையம்மாவின் புருஷன் பண்ணைக்காரருக்கு முதுகு வருத்தம். மாடுகளை விற்றுவிட்டு, வேலை குறைந்த மிருகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று பெட்டை அல்பாக்காக்களை வாங்கி வந்தார்கள். அப்போது அந்தப் பக்கத்தில் அது புதினம். பஸ்ஸில் போகிறவர்கள் எழும்பி நின்று பார்ப்பார்கள். வாகனத்தில் இருந்து அவை இறங்கிய அன்று என் மனைவி யன்னலால் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்து பாருங்கோ. மன்னார்க் கழுதைக்கு ஆரோ செம்மறித் தோலைப் போர்த்து விட்டிருக்கினம்."

வேலிக்கு வெளியே நின்று பார்த்தும் பண்ணையம்மா சொல்லக் கேட்டும் இரண்டு பேரும் அந்த மிருகத்தைப் படித்தோம். பண்ணையம்மாவுக்கும் அது புதுசுதான். விற்ற மனிதர் சொன்னதை மனனம் செய்து வைத்திருந்தார். அல்பாக்காவைத் தனியே வளர்க்கக்கூடாது, கூட்டம் இல்லாவிட்டால் அது தீனை விட்டு வாடிப்போகும். புல்லும் நல்லாய்க் காய்ந்த உலர்புல்லும் காணும், மாட்டுக்குப் போடுகிற சத்துத் தீனை அள்ளிப் போட்டால் வயிறு கெடும். நனையாமல் ஒதுங்க ஒரு கொட்டில் வேண்டும். நகம் வளர வளர வெட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்க முன்னம், மயிர் கத்தரிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட என் மனைவிக்குப் பிடித்தது வேறொன்று. மூன்றும் மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும்தான் புழுக்கை போடும். ஒன்று அங்கே நின்றால் மற்றது பின்னால் வரிசையில் நின்று காத்திருக்கும்.

"சுவிஸ் மிருகம் எண்டு இதிலயே தெரியுது," என்றாள்.

அவை தென்னமெரிக்காவில் இருந்து வந்த மிருகங்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். "அப்ப எங்களை விடக் கெதியாப் பழகியிட்டினம்," என்றாள்.

வாங்கும்போதே ஒன்று சினையாக இருந்தது. மாடு ஆடு மாதிரி இருட்டில் ஈனாது, பகலில்தான் ஈனும் என்று பண்ணையம்மா சொல்லியிருந்தார். அப்படியே, செப்டம்பர் மாதத்தில் ஒரு வெயில் காலைப்பொழுதில், என் மனைவி யன்னலால் பார்க்க, நின்றபடியே ஈன்றது. நான் வேலையில். இடைவேளைக்கு வந்தபோது குட்டி எழும்பி நின்று தாயின் காலுக்குள் தலையை விட்டு இடித்துக்கொண்டு நின்றது. ஆண் குட்டி, கடுவன். நனைந்த கம்பளித் துணி மாதிரி, தேயிலைச் சாய நிறம். கழுத்து மட்டும் பாதி உடம்பு.

"தாயின்ர முதல் பால், கடும்புப் பால் குடிச்சிட்டுது. இனிப் பயமில்லை," என்றாள் மனைவி, தானே பெற்றதுபோல.

தாய்க்கு மூன்றாம் நாள் காய்ச்சல் மாதிரி ஏதோ கண்டது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்த் திரும்பி வர, மேய்ச்சல் நிலத்தில் படங்குத் துணியால் மூடிய ஒரு குவியல் கிடந்தது. பண்ணைக்காரர் அந்தக் கிழமைதான் முதுகில் ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரியில் இருந்தார். பண்ணையம்மா சேற்றுச் சப்பாத்தோடு எங்கள் கற்படியில் வந்து நின்றார். கையில் ஒரு துவாய். துவாய்க்குள் இருந்து நீளமாக ஒரு கழுத்து.

"நான் ஆஸ்பத்திரிக்கும் போகவேணும், இதையும் பாக்கவேணும். என்னால ஏலாது," என்றார். "உம்மட மனிசி ஆடு வளர்த்தவ எண்டு சொன்னீர் தானே. பாத்துக்கொள்ளுவாவோ? பிழைச்சுதெண்டால் அவவே வைச்சுக்கொள்ளட்டும். அவவின்ர குட்டி."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்க முன்னம் என் மனைவி துவாயோடு வாங்கிவிட்டாள்.

ஆட்டுக்காரர் வீட்டில் தாய் செத்த குட்டியை எப்படி வளர்ப்பார்களோ அப்படி வளர்த்தாள். அவளுக்கு வேறு முறை தெரியாது. எனக்கு எந்த முறையும் தெரியாது. அடுப்படியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் என் பழைய கோட்டைப் போட்டுப் படுக்க வைத்தாள். அயல் பண்ணையில் வெள்ளாட்டுப் பால் வாங்கி, இளஞ்சூடாக்கி, பிள்ளைப் போத்தலில் மணிக்கொருக்கால் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் நிறுக்கவேண்டும், நிறை ஏறாவிட்டால் ஏதோ பிழை என்று பண்ணையம்மா சொன்னார். அதை நான் பொறுப்பெடுத்தேன். கடைப்பை ஒன்றில் குட்டியை வைத்து, தலையும் கழுத்தும் வெளியே நிற்க, மீன் நிறுப்பது மாதிரிக் கைத்தராசில் தொங்கவிடுவேன். அது என்னை மரியாதையாகப் பார்க்கும்.

இடைவேளையில் நாங்கள் செபமாலை சொல்லுவது வழக்கம். குசினியில், மாதா படத்துக்கு முன்னால், முழங்காலில். குட்டியும் நடுவில் வந்து காலை மடித்து இருந்துவிடும். அல்பாக்காவின் குரல் கத்தல் அல்ல. மூக்கால் "ம்ம்ம்" என்று முனகும், ஒரு சின்னப்பிள்ளை பாட்டு மறந்து இராகத்தை மட்டும் இழுப்பதுபோல. நாங்கள் சொல்ல அது முனகும். நாங்கள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தி எங்களைப் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வரும், செபத்தில் சிரிக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன். மனைவி அதன் கழுத்தில் சிவப்பு நூலில் அந்தோனியார் படம் பொறித்த சின்னச் சுரூபம் ஒன்று கட்டிவிட்டாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் உடுப்புக் காயப்போடப் போவாள். பகல் முழுக்க அதோடு கதை. நான் வருகிற நேரம் அவளுக்குச் சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது. "என்ர ராசா இண்டைக்கு என்ன செய்தவர் தெரியுமோ" என்பதோடு சரி. அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து நான் அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன்.

டீட்டிகோன் பட்டணத்தில் பண்டகசாலை ஒன்றில் வேலை செய்கிற அண்ணை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவார். எனக்குச் சுவிசில் முதல் நாள் படுக்க இடம் தந்தவர். வாய் சும்மா இருக்காது.

"டேய் தம்பி, உலகமெல்லாம் சுத்தி வந்து கடைசியில கழுதைக்குத் தேப்பன் ஆயிட்டாய்."

"கழுதை இல்லை அண்ணை, அல்பாக்கா."

"என்ன பாக்காவோ. கறி வைச்சா எப்பிடியிருக்கும், தங்கச்சி?"

"மயிர் கூடின சாமான் அண்ணை, துப்புரவாக்க ஏலாது," என்றாள் என் மனைவி. "உங்கட தலையைப் போல எண்டால் லேசு."

அண்ணை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு தேத்தண்ணி கேட்டார்.

மார்கழி முடிய முன்னம் குட்டி என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பகலில் மேய்ச்சல் நிலத்தில் விட்டாலும் மற்ற இரண்டோடும் சேராது. வேலிக்குக் கீழால் நுழைந்து கற்படி ஏறிக் கதவை நெஞ்சால் தட்டும். நான் குனிந்து வாளியை எடுத்தால் பின்னால் வந்து இடிக்கும். விளையாட்டு என்று நாங்கள் சிரித்தோம். இன்னும் இடி என்று முதுகைக் காட்டிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

தைமாதம் ஒரு ஞாயிறு, அண்ணை காரில் வந்து இறங்கினார். குட்டி பாய்ந்து போய், முன்னங்கால் இரண்டையும் தூக்கி, நெஞ்சால் அவரைக் கார்க் கதவோடு சேர்த்து அமத்திப் பிடித்தது. அண்ணையின் தொப்பி விழுந்துவிட்டது.

"தங்கச்சி, உன்ர மகன் என்னைக் கட்டிப்பிடிச்சு விடுறானில்லை."

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். கொட்டில் வாசலில் நின்ற பண்ணையம்மா சிரிக்கவில்லை. எப்ப தொடக்கம் இப்படிச் செய்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய் அல்பாக்கா விற்ற மனிதருக்குத் தொலைபேசி எடுத்தார்.

அடுத்த நாளே அந்த மனிதர் வந்தார். உயரமான, மெல்லப் பேசுகிற ஆள். குட்டி அவரிடமும் ஓடிப்போய் நெஞ்சைக் கொடுத்தது. அவர் அதைத் தடவவில்லை. கையை அகல விரித்துத் தள்ளிவிட்டு, எங்களைக் குசினி மேசையில் இருத்திச் சொன்னார். அவர் சொன்னதை நான் தமிழில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெட்டைக் குட்டியைப் போத்தலில் வளர்த்தால் பெரிய பிழை வராது. கடுவனை மனிதர் தனியே வளர்த்தால், மனிதரைத் தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும். தன் இனத்துக் கடுவனோடு அது என்ன செய்யும்? வளர்ந்ததும் சண்டைக்குப் போகும். அது பகை இல்லை, அதன் இயல்பு. நெஞ்சால் இடிக்கும், கழுத்தால் அமத்தும், கடிக்கும். இப்போது சிரிப்பாக இருக்கிறது. இரண்டு வயதில் கோரைப்பல் முளைத்து, ஆள் பாரத்துக்கு வந்த பிறகு சிரிக்க ஏலாது. அப்படி ஒன்றைத் தான் கண்டிருப்பதாகச் சொன்னார். வேலியைப் பாய்ந்து ஆளை விழுத்தியதாம்.

"அந்த மிருகத்துக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"இறைச்சிக்காரரிட்டப் போனது. வேற வழி இல்லை."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்கச் சொன்னாள்.

"நான் உறுதி தரமாட்டன். இன்னும் பால் குடிக்கிற வயசு, பிந்தியிட்டுது எண்டும் சொல்லமாட்டன். இண்டைக்கே கூட்டத்தோட விடுங்கோ. ஒருத்தரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, அதின்ர கண்ணைப் பாக்கக்கூடாது. பாலைப் பலகைக்குப் பின்னால நிண்டு ஓட்டைக்குள்ளால குடுங்கோ. ஆர் தருகினம் எண்டு அதுக்குத் தெரியக்கூடாது. மிச்சத்தை மற்ற இரண்டும் பழக்கும்."

அவர் போன பிறகு மனைவி பாத்திரங்களை இடித்து இடித்துக் கழுவினாள்.

"தொடாமல் வளக்கிறதும் ஒரு வளர்ப்போ? இவை பெத்த பிள்ளையையும் தனி அறையில போட்டுக் கதவைச் சாத்துற ஆக்கள். இவைக்கு என்ன தெரியும்."

"மிருகத்தைப் பற்றித்தானே சொன்னவர்."

"நான் கொஞ்சினதாலயோ அதைக் கொல்லப் போயினம்?"

கடவுள் ஒவ்வொன்றையும் அதன் இனத்தோடு சேர்த்துத்தான் படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது நினைவு வந்தது. அதைச் சொன்னேன். "அப்ப எங்களை மட்டும் ஏன் இனத்தை விட்டு இஞ்ச கொண்டுவந்து விட்டவர்?" என்று கேட்டாள். இரவு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் இடைவேளைக்கு வந்தபோது அடுப்படி கூட்டிக் கழுவியிருந்தது. வைக்கோல் இல்லை. சுரூபம் மாதா படத்தின் ஆணியில் தொங்கியது. குட்டி மேய்ச்சல் நிலத்தில், பண்ணையம்மா புதிதாக அடித்த வேலிப் பலகைக்குப் பின்னால்.

"நான்தானே கையில பழக்கினது," என்றாள். "நான்தான் விடப் பழக்கவேணும். நீங்கள் குறுக்க வராதேங்கோ."

அதன் பிறகு அவளைப் போலக் கண்டிப்பான ஆளை நான் காணவில்லை. பண்ணையம்மாவின் பழைய மழைக்கோட்டைப் போட்டு, தலையையும் மூடிக்கொண்டு, பலகை ஓட்டைக்குள் போத்தல் முனையை நீட்டுவாள். வாயால் ஒரு சத்தம் வராது. போத்தல் முடிந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பழுதாக்கினது நான்தான். ஒருநாள் வேலியோரமாகப் போகும்போது, "டேய் ராசா" என்று மெல்லச் சொல்லிவிட்டேன். குட்டி காதை நிமிர்த்தி ஓடி வந்தது. மனைவி பின்னால் நின்றிருக்கிறாள்.

"உங்களுக்கு அதில பாசமோ, உங்கட வாயில பாசமோ?" என்று கேட்டாள்.

அந்த மாதம் லேசாகப் போகவில்லை. குட்டி எங்கள் குசினி யன்னலைப் பார்த்தபடியே நிற்கும். நாங்கள் செபமாலை தொடங்கினால் அங்கிருந்து முனகும். குரல் கேட்காமல் இருக்கப் பின் அறைக்குப் போய்ச் செபம் சொன்னோம். கூட்டத்தில் சேரப் போனாலும் அதற்கு முறை தெரியாது. மற்ற இரண்டில் மூத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. மனிதரிடம் போவது மாதிரிக் குட்டி நேரே அதன் முகத்துக்கு முகம் போய் நெஞ்சால் இடித்தது. சாம்பல் பெட்டை காதை மடக்கி, மேவாயைத் தூக்கி, வயிற்றில் இருந்த பச்சைச் சாற்றை அதன் முகத்தில் துப்பியது. எங்கள் பிள்ளைக்கு மேல் வாழ்நாளில் ஒருத்தரும் துப்பியதில்லை. கீழுதடு தொங்க, என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றது. விற்ற மனிதரிடம் தொலைபேசியில் சொன்னோம். "நல்லது. பள்ளிக்கூடம் தொடங்கியிட்டுது," என்றார்.

ஆனாலும் படுக்கிற நேரம் மற்ற இரண்டும் கொட்டிலுக்குள் ஒன்றையொன்று சாய்ந்து கிடக்க, அது மட்டும் வேலியோரம் பனியில் கிடக்கும். பாரம் ஏறவில்லை என்று பண்ணையம்மா தூரத்தில் நின்று கண்ணால் மதிப்பிட்டுச் சொன்னார். இனிப் பாரம் இறங்கினால் திரும்ப உள்ளே எடுக்க வேண்டிவரும், எடுத்தால் எல்லாம் வீண். நான் அந்தோனியாரிடம், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தாரும் என்று கேட்கிற வழக்கம். இம்முறை, எங்களிடம் இருப்பதைத் தொலைத்துத் தாரும் என்று கேட்டேன். அப்படி ஒரு மன்றாட்டை அவர் முன்பு கேட்டிருப்பாரோ தெரியாது.

மாசி மாதத்தில் ஒருநாள், நான் இடைவேளைக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வாசல் கற்படியில் கால்மிதியை உதறிக்கொண்டு நின்றாள். பாதையால் போன யாரோ ஒருவரின் பெரிய நாய், கயிற்றை அறுத்துக்கொண்டு பனிக்குள்ளால் மேய்ச்சல் நிலத்துக்குப் பாய்ந்தது. சாம்பல் பெட்டை கத்தியது. அதுவரை அதன் வாயில் முனகலைத் தவிர வேறு சத்தம் நான் கேட்டதில்லை. குளிரில் ஸ்டார்ட் எடுக்காத பழைய எஞ்சின் மாதிரி, விட்டு விட்டு, காதைக் கிழிக்கிற கத்தல். மற்றப் பெட்டை ஓடிவந்து அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

குட்டி எங்கே ஓடும்? பயம் வந்தால் பிள்ளை எங்கே ஓடும்? பண்ணையம்மா அடைத்திருந்த வேலியை நெருக்கிக்கொண்டு நுழைந்து நேரே எங்கள் கற்படிக்கு ஓடி வந்தது. நான் கோப்பையோடு எழும்பிக் கதவடிக்கு வந்துவிட்டேன். என் மனைவி கையை விரித்ததைக் கண்டேன். குட்டி முதற்படியில் கால் வைத்தது. அவள் கையை மடக்கினாள். உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

வெளியே நெஞ்சால் இடித்தது. கதவோடு சேர்ந்து அவளும் அசைந்தாள்.

"திறவும்," என்றேன். "நாய் கடிச்சுப்போடும்."

"யன்னலால பாருங்கோ. நாய் எங்க நிக்குது எண்டு சொல்லுங்கோ."

நாய் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நின்று குரைத்தது. சாம்பல் பெட்டை முன்னங்காலால் பனியை உதைத்துக்கொண்டு அதற்கு நேரே நின்றது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் மன்றாடினாள். திரும்பவும் கதவில் ஒரு இடி. பிறகு சாம்பல் பெட்டை இரண்டாம் தரம் கத்தியது. குட்டி கதவைப் பார்த்தது. கத்தல் வந்த பக்கம் பார்த்தது. படியை விட்டு இறங்கி, பனிக்குள் கால் புதையப் புதைய, அந்தக் கத்தலை நோக்கி ஓடியது. இரண்டு பெட்டைகளும் விலகி வழி விட்டு அதை நடுவில் விட்டுக்கொண்டு திரும்பின. மூன்றும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. நாய்க்காரர் விசிலடித்து ஓடி வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனார்.

"போயிட்டுது," என்றேன்.

"நாயோ?"

"ரெண்டும்."

அவள் அப்படியே கதவடியில் கீழே இருந்துவிட்டாள். அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கோப்பைச் சோறு ஆறிப்போனது.

பண்ணையம்மா கொட்டில் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். பின்னேரம் பழக் கேக் ஒன்றோடு வந்தாராம், நான் வேலைக்குப் போன பிறகு. இரண்டு பேரும் பாஷை இல்லாமல் இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குக் கோப்பி. என் மனைவி இன்றைக்கும் கதைக்கிறது அந்த மேட்டுக் கிராமத்துச் சுவிஸ் ஜெர்மன்தான். பிறகு வகுப்புக்குப் போய்ப் படித்த என் ஜெர்மனைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு.

குட்டி ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதற்குப் பிறகும் யன்னலைப் பார்த்து நின்றது, ஆனால் குறையக் குறைய. ஒரு காலையில் கொட்டிலுக்குள் மூன்று முதுகு தெரிந்தது. பால் குடிப்பதை விட்டது. புல் முளைத்ததும் வாய் எடுக்காமல் மேய்ந்தது. மயிர் கத்தரிக்கிற நாளில் விற்ற மனிதர் வந்து இரண்டு பேராகப் பிடிக்க, அது மற்றவையைப் போலவே காலை உதறி, என் சேட்டில் பச்சையாகத் துப்பியது. நான் அதைக் கழுவாமல் மனைவிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "நல்ல பிள்ளை," என்றாள். வயது வந்தபோது மிருக வைத்தியர் விதை எடுத்துவிட்டார். அது உதவும், ஆனால் அது மட்டும் காணாது, புத்தியில் என்ன பதிந்திருக்கிறது என்பதை இரண்டு வயதில்தான் பார்க்கலாம் என்றார் விற்ற மனிதர்.

அந்த இரண்டு வயதும் வந்தது. செப்டம்பர் மாதம், சனிக்கிழமை காலை. நான் லீவு எடுத்து நின்றேன். பண்ணைக்காரரும் முதுகு தேறி, தடியோடு வேலிக்கு வந்திருந்தார். விற்ற மனிதர் தனியே மேய்ச்சல் நிலத்துக்குள் போனார். கூட்டத்துக்குக் கிட்டப் போய் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் ஏதோ விழுந்ததை எடுக்கிறவர் மாதிரிக் குனிந்தார். சண்டை பிடிக்கிற கடுவன் என்றால் அந்த நேரம்தான் வரும்.

அதைக் குட்டி என்று எழுதுகிறேனே தவிர, அது இப்போது என் நெஞ்சளவு நின்றது. தலையைத் தூக்கியது. காதை அவர் பக்கம் திருப்பியது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. என் மனைவி வேலிக் கம்பியைப் பிடித்திருந்தாள். எனக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை, அந்தோனியாரே, அந்தோனியாரே என்று பேரை மட்டும் சொன்னேன்.

அது கழுத்தை நீட்டி, தூரத்தில் நின்றபடியே அவருடைய வாசனையைப் பிடித்தது. பிறகு சலித்துப்போன மாதிரித் திரும்பி, சாம்பல் பெட்டைக்குப் பக்கத்தில் போய்ப் புல்லில் வாயை வைத்தது.

அவர் நிமிர்ந்து, சேட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தார்.

"ஒரு குறையும் இல்லை. நல்ல மிருகம்," என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "இனி நீங்கள் உள்ளுக்குப் போகலாம்," என்றார். அவர் சுவிஸ் ஜெர்மனில்தான் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அவள் வேலிப் படலையைத் திறந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். மழைக்கோட்டு இல்லை, தலையில் மூடல் இல்லை, அவளுடைய சொந்தச் சட்டை, சொந்த முகம். மூன்றும் நிமிர்ந்து பார்த்தன. அவள் இன்னும் கொஞ்சம் கிட்டப் போக, மூன்றும் சேர்ந்தாற்போல் இரண்டடி பின்னால் வைத்தன. கை எட்டுகிற தூரத்துக்கு ஒரு சாண் வெளியே. அதற்குள் வரவும் இல்லை, ஓடவும் இல்லை. பார்த்து முடித்துவிட்டு மேயத் தொடங்கின.

"பாருங்கோ," என்றாள். "என்னைத் தெரியாதாம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒருமுறை, ஒரேயொரு முறை, பழையபடி கூப்பிட்டுப் பார்ப்போமே என்று வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"கூப்பிடாதேங்கோ," என்றாள். "மேயட்டும்."